கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒரு பழமொழி. சொன்னவர் யாரோ, நன்றாக ஆடத் தெரிந்தவளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் அவள் என்ன செய்வாள்? கால் சரியில்லையா, தரை சரியில்லையா? இந்தச் சந்தேகத்தை நம்பித்தான் உலகத்தில் பாதிக் கடைகள் திறந்து வைத்திருக்கிறார்கள். கேமரா, கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் ராக்கெட், ஓடுவதற்கென்று ஒரு ஷூ, நடப்பதற்கென்று இன்னொரு ஷூ.

இந்த வாரம் ஸ்னோபோர்டு. பனிமலைச் சரிவில் இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி சறுக்கி இறங்குகிற விளையாட்டு. ‘எனக்கும் பனிக்கும் ஃப்ரிட்ஜோடு சரி’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒன்று, சியாட்டிலிலும் டொராண்டோவிலும் இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் காசைக் கரைக்கிற இடங்களில் இதுவும் உண்டு. இரண்டு, ‘அப்கிரேடு’ என்ற மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. முக்கியமான சாமான் மூன்றே மூன்று. பலகை, பூட்ஸ், இரண்டையும் இணைக்கிற பைண்டிங். இந்த மூன்றையும் எந்த வரிசையில் விற்கிறார்கள், எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்பதற்குள் மொத்தக் கதையும் அடக்கம்.

* * *

முதலில், கூடம் நிஜமாகவே கோணலாக இருந்த காலம்.

1965 கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் என்ற ஊர். ஷெர்மன் பாப்பன் என்கிற எஞ்சினியர் வீட்டில் பெண் குழந்தைகள் ஒரே லூட்டி. மனைவி கர்ப்பிணி. குழந்தைகளை வெளியே தள்ளிக்கொண்டு போய் விளையாட்டுக் காட்ட வேண்டிய பொறுப்பு அப்பாவுக்கு. அவர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்து ஒன்றாக இணைத்து, ‘நின்னு பாரு’ என்று விட்டுவிட்டார். ஸ்னோவையும் சர்ஃபையும் சேர்த்து அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பேர் வைத்தது மனைவி. கம்பெனி ஒன்று உரிமை வாங்கித் தயாரித்து, லட்சக்கணக்கில் விற்றது. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. காலைக் கட்ட ஒன்றும் கிடையாது. விழுந்தால் விழ வேண்டியதுதான்.

அந்த ஸ்னர்ஃபரில் விளையாடி வளர்ந்த பையன்களில் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்பென்டர். பொருளாதாரம் படித்து, நியூயார்க்கில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1977-ல் அதை விட்டுவிட்டு வெர்மான்ட் மாநிலத்துக்குப் போய்ப் பலகை இழைக்க உட்கார்ந்துவிட்டார். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

1979-ல் மிச்சிகனில் தேசிய ஸ்னர்ஃபர் போட்டி. பர்ட்டன் தன் பலகையோடு போனார். அதில் காலை மாட்டிக்கொள்ள ஒரு பட்டை வைத்திருந்தார். மற்ற போட்டியாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இது ஸ்னர்ஃபரே இல்லை, எப்படிச் சேர்க்கலாம் என்று தகராறு. அமைப்பாளர்கள் சமரசமாக அவருக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். அதில் போட்டியிட்டவர் ஒரே ஆள். ஜெயித்தவரும் அவரே!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டைதான் இந்த விளையாட்டின் முதல் உண்மையான அப்கிரேடு. கால் பலகையோடு சேர்ந்த பிறகுதான் பலகையை நினைத்த பக்கம் திருப்ப முடிந்தது. எண்பதுகளில் எஃகு விளிம்பும் வழுக்குகிற பிளாஸ்டிக் அடிப்பாகமும் வந்தன. கெட்டிப்பட்ட சரிவிலும் நிற்க முடிந்தது. 1998-ல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டது. இவை ஒவ்வொன்றும், முன்னால் முடியாத ஒன்றை முடிய வைத்தன. அப்கிரேடு என்ற வார்த்தைக்கு நியாயமான அர்த்தம் இதுதான்.

கேள்வி என்னவென்றால், இப்போது கடையில் வருஷா வருஷம் அதே வார்த்தையைச் சொல்லி விற்கிறார்களே, அதில் எத்தனை இந்த ஜாதி?

* * *

கேட்லாக்கைப் பிரிப்போம்.

முதல் பக்கத்திலேயே பலகை. அழகான படம் போட்டிருக்கும். புலி, மண்டை ஓடு, ஜப்பானிய அலை, ஏதோ ஒன்று. போன வருஷம் வேறு படம். பல மாடல்களில் போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் உள்ளே ஒரு மாற்றமும் இருக்காது. பெயிண்ட் மட்டும்தான் புதுசு. அதனாலேதான் மார்ச், ஏப்ரலில் பனி உருகத் தொடங்கும்போது அதே பலகையைக் கணிசமான தள்ளுபடியில் தள்ளிவிடுகிறார்கள். பலகைக்கு வயசாகவில்லை. படத்துக்குத்தான் வயசாகிவிட்டது. புடவைக் கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ‘ஃப்ளெக்ஸ்’. பலகை எவ்வளவு வளையும் என்பதற்கு ஒன்றிலிருந்து பத்து வரை மார்க். ஒன்று என்றால் கொழகொழ, பத்து என்றால் இரும்பு. கேட்க அறிவியல்பூர்வமாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் என்று எதுவும் கிடையாது. ஒருத்தர் ஐந்து என்பது இன்னொருத்தர் கடையில் ஏழாக இருக்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் பேலன்ஸ் ஷீட் போட்டுக்கொண்டு, ஆடிட்டரே இல்லாமல் லாபம் அறிவிக்கிற மாதிரி. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். அதைத் தாண்டி அதை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

அப்புறம் வடிவம். இங்கேதான் கேட்லாக் கவிதை பாடுகிறது.

பலகையைத் தரையில் வையுங்கள். நடுப்பகுதி தரையைத் தொடாமல், வில் மாதிரி லேசாக மேலே தூக்கி நின்றால் அது கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் வில் அமுங்கி, விளிம்பு நெடுகப் பனியைக் கடிக்கும். வேகத்தில் நல்ல பிடிப்பு, திருப்பத்தில் துள்ளல். ஆனால் கொஞ்சம் அசந்தீர்களோ, தப்பான பக்கத்து விளிம்பு பனியில் மாட்டி ஆளைத் தூக்கி அடிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் படுகிற அடிகளில் பாதிக்கு இதுதான் காரணமோ என்று தோன்றும்.

இதற்கு நேர் எதிர் ராக்கர். நடு தரையில், இரண்டு நுனியும் மேலே. சாட்சாத் வாழைப்பழம். லிப் டெக் என்ற கம்பெனி 2006-07 சீசன் வாக்கில் இதை ‘ஸ்கேட் பனானா’ என்றே பேர் வைத்துச் சந்தைக்குக் கொண்டு வந்தது. விளிம்பு லேசில் மாட்டாது, சுலபமாகத் திரும்பும், ஆழமான புதுப் பனியில் படகு மாதிரி மிதக்கும். கெட்டிப்பனியில் மட்டும் பிடி தளரும். சில வருஷங்களில் பார்த்த இடமெல்லாம் வாழைப்பழம். கேம்பர் என்றால் ‘அதெல்லாம் தாத்தா காலம்’ என்கிற மாதிரி ஒரு பேச்சு. இன்னும் சில வருஷம் போனது. தாத்தா திரும்பி வந்தார். ‘துல்லியம் வேண்டுமா, கேம்பருக்கு வாருங்கள்’ என்று அதே கேட்லாக்குகள் பாடின. நடுவில் இரண்டையும் கலந்து ஹைப்ரிட் என்று பத்து விதம்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராக்கர் நல்ல சரக்கு. கேம்பரும் நல்ல சரக்கு. பொய் எங்கே என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை ‘முன்னேற்றம்’ என்று சொல்கிறார்களே, அங்கே. காபியிலிருந்து டீக்கு மாறுவது அப்கிரேடு இல்லை. அது அடுத்த மாடி இல்லை சார், பக்கத்து அறை. உங்கள் மலையில் புதுப் பனி அதிகமா, ஐஸ் அதிகமா என்பதுதான் கேள்வி. வருஷம் எது என்பதல்ல.

அடிப்பாகமும் அப்படித்தான். மலிவான பலகைக்கு அச்சில் பிழிந்தெடுத்த பிளாஸ்டிக். விலை கூடினால் ‘சின்டர்ட்’ - தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது. இதில் நுண்ணிய துளைகள் இருப்பதால் மெழுகை உறிஞ்சிக்கொண்டு வேகமாக ஓடும். விஷயம் அந்த ‘மெழுகை’ என்ற வார்த்தையில் இருக்கிறது. சில நாள் ஓட்டினால் மறுபடி சூடாக மெழுகு போட வேண்டும். போடாவிட்டால் விலை கூடின அடிப்பாகம் மலிவானதைவிட நன்றாக ஓடும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. மெழுகு பூசச் சோம்பல்படுகிற ஆளுக்கு இது, ஆயில் மாற்றாத ஆளிடம் ரேஸ் பைக்கைக் கொடுத்த கதை.

* * *

சரி, இப்போது குற்றச்சாட்டுக்கு வருவோம்.

ஒருவர் இரண்டு மூன்று வருஷமாகச் சறுக்குகிறார். முதலில் வாங்கிய சாமான்தான். இப்போது கொஞ்சம் கைதேர்ந்துவிட்டது. ஆனால் பலகை சொன்ன பேச்சு கேட்பதில்லை. கால் விரலை ஊன்றித் திரும்பினால் ஒரு நொடி தாமதித்து, வேண்டாவெறுப்பாகத் திரும்புகிறது. அவர் முடிவு கட்டிவிடுகிறார்: ‘என் லெவலுக்கு இந்த போர்டு பத்தல.’ கடைக்குப் போகிறார். இன்னும் கொஞ்சம் இறுக்கமான, விலையான பலகை. வீட்டுக்கு வருகிறது. அடுத்த வாரம் மலையில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

என்ன நடந்தது? பெரும்பாலும் பூட்ஸ்.

விரல் பக்க விளிம்பில் திரும்ப வேண்டுமென்றால் உடம்பை முன்னால் சாய்த்துக் குதிகாலைத் தூக்குகிறோம். பூட்ஸுக்குள் குதிகால் பிடிமானமாக இருந்தால் தூக்கிய அந்த நொடியே பலகையின் பின்பக்கமும் தூக்கும். பூட்ஸ் தொளதொள என்று இருந்தால் குதிகால் மட்டும் உள்ளே அரை அங்குலம் மேலே போகும், பலகை சும்மா இருக்கும். அந்த அரை அங்குலம்தான் அவர் ‘பலகை மந்தம்’ என்று சொன்ன தாமதம். இப்போது இறுக்கமான பலகை வாங்கியிருக்கிறார். அதைத் திருப்ப இன்னும் அதிக பலம் வேண்டும். பலம் போக வேண்டிய வழியிலோ அதே ஓட்டை. குழாயில் கசிவு இருக்கும்போது பெரிய மோட்டார் மாட்டினால் கசிவுதான் பெரிதாகும்.

இதோடு போகாது. கால் ஆடுவதைத் தடுக்க பைண்டிங் பட்டையை வெறியோடு இறுக்குவார். பாதம் மரத்துப்போகும். மதியத்துக்கு மேல் வலி தாங்காமல் சூப் குடிக்க உட்கார்ந்துவிடுவார். இரண்டு சீசன் இப்படிப் போனால் ‘எனக்கு இது சரிப்பட்டு வராது’ என்று பலகையைப் பரணில் போட்டுவிடுவார். ஆடத் தெரியாதவர் இல்லை. கூடமும் கோணல் இல்லை. கொலுசு பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்தாயிற்று.

ஏன் பூட்ஸ் பெரிதாகிறது? கடையில் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்து, எது சொகுசாக இருக்கிறதோ அதை வாங்குவதால். புது பூட்ஸின் உள்ளுறை மெத்து மெத்தென்று தடிமனாக இருக்கும். கொஞ்ச நாள் சறுக்கியதும் அமுங்கிவிடும். எனவே கடையில் சொகுசாக இருப்பது, மலையில் தொளதொளப்பாகும். நேராக நிற்கும்போது கால்விரல் முன் சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் அந்தத் தொடல் விலக வேண்டும். குதிகால் அசையவே கூடாது. ‘கொஞ்சம் டைட்டா இருக்கே’ என்று தோன்றினால் நல்ல அறிகுறி. விண்ணென்று வலித்தால் கெட்ட அறிகுறி. அரை மணி நேரமாவது போட்டுக்கொண்டு கடையிலேயே உலாத்த வேண்டும். தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி என்று போடாமல், மெல்லியதாக ஒரே ஜோடி.

அளவுக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இருபத்தேழு என்றால் தொடங்க வேண்டிய அளவு 27. பூட்ஸ் பெட்டியில் அந்த எண் போட்டிருப்பார்கள். தினசரி போடும் ஷூவின் நம்பரைச் சொன்னால், அநேகமாக ஒரு சைஸ் பெரியதோடு வீட்டுக்கு வருவீர்கள்.

இவ்வளவு முக்கியமான சாமான் கேட்லாக்கில் ஏன் பின்னால் இருக்கிறது? வியாபாரக் கண்ணோடு பார்த்தால் பதில் சுலபம். பலகை படத்தில் நன்றாக விழும். லிஃப்டில் தொங்கிக்கொண்டு போகும்போது கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும். பூட்ஸ் பேண்ட்டுக்குள் மறைந்துவிடும். அதோடு, பூட்ஸை ‘சிறந்தது’ என்று யாரும் பொதுவாக விளம்பரம் செய்ய முடியாது. உங்கள் பாதத்துக்குச் சிறந்தது என் பாதத்துக்குச் சித்திரவதை. எல்லாருக்கும் பொதுவாகப் புகழ முடியாத பொருளை விளம்பரத்துறை அவ்வளவாக விரும்புவதில்லை.

* * *

நடுவில் இருக்கிற பைண்டிங்கில் ஒரு தனிக் கதை.

பட்டைகளைக் குனிந்து மாட்டுவது ஒரு தொல்லை. ஒவ்வொரு முறை லிஃப்டிலிருந்து இறங்கியதும் பனியில் உட்கார்ந்து இறுக்க வேண்டும். கூட வந்த ஸ்கீக்காரர்கள் அதற்குள் பாதி மலை போயிருப்பார்கள். தொண்ணூறுகளில் பல கம்பெனிகள் ‘மிதித்தால் மாட்டிக்கொள்ளும்’ பைண்டிங்குகளைக் கொண்டுவந்தன. பூட்ஸின் அடியில் இரும்புக் கொக்கி, விறைப்பான பூட்ஸ், இடுக்கில் பனி அடைத்துக்கொண்டு மாட்டாத அவஸ்தை. 2000-க்குப் பிறகு மெல்ல மறைந்துபோயின.

2017-ல் பர்ட்டன் கம்பெனி ‘ஸ்டெப் ஆன்’ என்று மறுபடி கொண்டு வந்தது. குதிகாலில் ஒரு பிடி, முன்பாதத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பிடி. அடியில் கொக்கி இல்லாததால் பூட்ஸில் சாதாரணமாக நடக்கலாம். இந்த முறை வேலை செய்தது. பழைய தோல்விகளின் காரணங்களை உட்கார்ந்து படித்துத் தீர்த்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம்: பட்டைக்குப் பிறகு வந்தவற்றில் ‘அப்கிரேடு’ என்று மனதாரச் சொல்லக்கூடியது இது. குனிய முடியாத முதுகுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பி.காம். படித்தவன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. இந்த பைண்டிங்குக்கு இதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும். ஷேவிங் ரேசரை விற்றுவிட்டு பிளேடில் சம்பாதிக்கிற பழைய சூத்திரம். பின்னாளில் வேறு சில கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்தார்கள் என்பதால் வாசல் கொஞ்சம் அகலமானது. இருந்தாலும் சிக்கல் தீரவில்லை. உங்கள் பாதத்துக்குப் பொருந்துகிற பூட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லையென்றால்? வசதிக்காகப் பொருத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். குதிகால் கதை மறுபடி முதலிலிருந்து. சில வருஷம் கழித்து சுவிட்சர்லாந்தின் நிடெக்கர் கம்பெனி ‘சூப்பர்மேட்டிக்’ என்று, எந்த பூட்ஸோடும் மிதித்து மாட்டிக்கொள்ளலாம் என்கிற ஒன்றை இறக்கியது. போட்டி என்பது வாடிக்கையாளருக்குக் கடவுள் கொடுத்த வரம்.

பலகையிலும் இப்படி ஒரு பூட்டு உண்டு. பர்ட்டன் பலகைகள் பலவற்றில் திருகுத் துளைகளுக்குப் பதில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்கென்றே செய்த ஒரு வகை பைண்டிங், துளை வைத்த வேறு பலகையில் ஏறாது. எனவே ஒன்றை மாற்றப் போனவர் இரண்டை மாற்றிக்கொண்டு வருவார். பாடப் புத்தகத்தில் பேனாவும் மையும் என்று ‘காம்ப்ளிமெண்டரி கூட்ஸ்’ படித்தோமே, அதன் மலை வாசஸ்தலப் பதிப்பு. எதை வாங்கும் முன்னாலும் ‘இது ஏற்கெனவே என்னிடம் இருப்பதோடு சேருமா?’ என்று கேட்பது அநாகரிகம் இல்லை.

* * *

இனி கணக்கு.

அமெரிக்காவில் நல்ல பலகை ஒன்று சுமாராக 400-லிருந்து 700 டாலர். பைண்டிங் 200-லிருந்து 400. நல்ல பூட்ஸும் ஏறக்குறைய அதே அளவு. இதெல்லாம் ஒருமுறைச் செலவு. மலைக்குப் போவதோ தினச் செலவு. கொலராடோவின் வெயில் மலையில் 2024-25 சீசனில் உச்ச நாட்களின் லிஃப்ட் டிக்கெட் கவுன்டர் விலை 300 டாலரைத் தாண்டியது. சீசன் பாஸை முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு நாள் கணக்கு மலிவாக விழும் என்பது உண்மைதான். இருந்தாலும் வண்டி, தங்குமிடம், சாப்பாடு என்று போட்டுப் பாருங்கள். புதுப் பலகையின் விலை என்பது மலையில் கழிக்காமல் விட்ட இரண்டு மூன்று நாட்களின் விலை. சறுக்கச் சறுக்கத்தான் சறுக்கு வரும் என்பதால், அந்த நாட்கள் பலகையைவிடப் பெரிய அப்கிரேடு.

ஆக, நான் போடுகிற வரிசை இது. முதலில் ஸ்க்ரூடிரைவர். பைண்டிங்கின் கோணம், இரண்டு காலுக்கும் நடுவே இடைவெளி, பின்பக்கச் சாய்வு இதையெல்லாம் மாற்றிப் பாருங்கள். செலவு பூஜ்யம். இரண்டாவது, விளிம்பைச் சாணை பிடித்து மெழுகு போடுவது. சில பத்து டாலர்கள். ஐஸில் வழுக்குகிறது என்று திட்டு வாங்கிய பல பலகைகள் மொட்டை விளிம்பு என்ற ஒரே குற்றம் செய்தவை. மூன்றாவது பூட்ஸ். நான்காவது பைண்டிங். ஐந்தாவதாகத்தான் பலகை. கேட்லாக்கைத் தலைகீழாகப் பிடித்துப் படித்த மாதிரி இருக்கிறதா? அப்படித்தான்.

வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் போகிறவரா? பூட்ஸ் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு பலகையை வாடகைக்கு எடுங்கள். நம்ம குல்மார்க்குக்குப் போகிறவருக்கும் இதே கணக்குதான். பல மலைகளில் கம்பெனிகளே கூடாரம் போட்டு, புதுப் பலகைகளை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற ‘டெமோ’ நாட்கள் உண்டு. பலகையை ஓட்டிப் பார்த்து வாங்கலாம். இன்னொருவர் கால் பட்டு அமுங்கிய பூட்ஸை அப்படிப் பார்க்க முடியாது.

அப்புறம், எந்த அப்கிரேடு பட்டியலிலும் கண்ணில் படாத ஒரு சாமான்: மணிக்கட்டுக் கவசம். ஸ்கீக்காரர்களுக்கு முழங்கால் போகும். ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு, முக்கியமாகப் புதியவர்களுக்கு, மணிக்கட்டு போகும். விழும்போது இரண்டு காலும் பலகையில் கட்டப்பட்டிருப்பதால் கைதானே முதலில் தரையைத் தேடும்? கவசம் போட்டால் எலும்பு முறிவு கணிசமாகக் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். விலை, பலகை விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஸ்டைலாக இல்லை என்பதுதான் அது செய்த பாவம். ஹெல்மெட்டும் அப்படியே. உள்ளே இருக்கிற நுரை ஒரு பெரிய அடியை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். காரணம் கேட்காமல் உடனே செய்ய வேண்டிய அப்கிரேடு அநேகமாக இது ஒன்றுதான்.

* * *

‘அப்படியானால் பலகையை மாற்றவே கூடாதா?’ என்று கேட்பீர்கள். தாராளமாக மாற்றலாம். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கிற சமயங்கள் உண்டு என்றேனே.

பாதம் பெரியது, பலகை குறுகல். செங்குத்தான திருப்பத்தில் பூட்ஸ் நுனி வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசி ஆளை வழுக்கிவிடுகிறது. இதற்கு எந்த பயிற்சியும் மருந்தில்லை, அகலமான பலகைதான் மருந்து. இன்னொன்று எடை. ‘நிறுத்தி வைத்தால் தாடைக்கு வர வேண்டும்’ என்று உயரத்தை வைத்துப் பலகை வாங்குவது பழைய வழக்கம். பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். கம்பெனிகள் மாடலுக்கு மாடல் எடைப் பட்டியல் கொடுக்கின்றன. அதற்கு மேலே நீங்கள் இருந்தால் புதுப் பனியில் மூக்கு புதையும். அப்புறம் கற்றுக்கொள்ளும்போது வாங்கிய குட்டையான, மெத்தென்ற பலகை, இப்போது நீங்கள் போகிற வேகத்தில் கிடுகிடுவென்று நடுங்குகிறது என்றால், அது உங்களைவிட்டுப் பின்தங்கிவிட்டது. நன்றி சொல்லி விடைகொடுங்கள்.

சாமானை முற்றாக இளக்காரம் செய்கிறவர்கள் அடிக்கடி காட்டுகிற உதாரணம் எஸ்தர் லெடட்ஸ்கா. செக் நாட்டுக்காரர். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஸ்கீயின் சூப்பர்-ஜி பந்தயத்தில், நூறில் ஒரு பங்கு நொடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கிவிட்டார். அவருடைய முதன்மை விளையாட்டு ஸ்கீயே இல்லை, ஸ்னோபோர்டு. ஒரு வாரம் கழித்து அதிலும் தங்கம். போட்டிருந்த ஸ்கீ, அமெரிக்க நட்சத்திரம் மிகேலா ஷிஃப்ரினிடமிருந்து கைமாறி வந்தவை என்று அப்போது செய்திகள் வந்தன. ‘பார்த்தீங்களா, பழைய சாமானே போதும்’ என்று இதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. உலகத் தரமான ஸ்கீ அது. கைமாறினது மட்டும்தான் குறை. புதுசா பழசா என்பது கேள்வியே இல்லை, பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு பரீட்சை. குறையை ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். ‘இந்த போர்டு பழசாயிடுச்சு’ என்பது குறை இல்லை, அது ஏக்கம். ‘புது மாடல் வந்திருக்கு’ என்பது செய்தி. ‘விரல் பக்கம் திரும்பும்போது குதிகால் தூக்குது’ என்றால் அது குறை. அதற்குத் தீர்வு உண்டு, விலை உண்டு, அநேகமாக அது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவும் இருக்கும். வாக்கியம் வரவில்லையென்றால் பர்ஸைப் பையில் வைத்துவிட்டு இன்னும் நாலு நாள் மலைக்குப் போய்விட்டு வாருங்கள். வாக்கியம் தானாக வரும். அல்லது குறை தானாகப் போய்விடும்.

கூடம் கோணலா என்று சந்தேகம் வந்தால் கொத்தனார் வாயால் தர்க்கம் பண்ண மாட்டார். ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். ஸ்னோபோர்டுக்காரரின் ரசமட்டம் அவருடைய குதிகால். அது கேட்லாக்கில் வராது. விற்பனைக்கும் இல்லை.